ஏழு பேருக்கு எட்டுத் துணி

இறக்காதீங்க தம்பி. அந்தப் பெட்டி வண்டியிலயே இருக்கட்டும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. முன்கூடத்துலதான் கட்டில் போட்டிருக்கு, எங்க மதினி படுத்திருக்காங்க. ஜன்னலும் திறந்து கிடக்கு.

ஆமா, நான்தான் சம்சாத் பேகம். பெட்டி என்னோடதுதான். ஆறு பக்கமும் என் பேரைக் கொட்டை எழுத்துல எழுதியிருக்கும்போது இல்லைன்னு சொல்ல முடியுமா? மூணு நாளா போன் பண்ணினது நீங்கதானா? முதல் தடவை நான் எடுக்கலை. ரெண்டாவது தடவை எடுத்து, ராங் நம்பர்னு சொன்னது நான்தான். மூணாவது தடவை ஒண்ணும் பேசாம வச்சதும் நான்தான். தப்புதான். மதுரையில இருந்து கம்பம் வரைக்கும் இந்த வெயில்ல வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. கோபம் வரத்தான் செய்யும்.

ஒரு உதவி செய்யுங்க. இதைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருங்க. வீடு பூட்டிக் கிடந்துச்சுன்னு எழுதிக்குங்க. ஒரு மாசம் கழிச்சுக் கொண்டு வாங்க. ரெண்டு மாசம் ஆனாலும் சரி. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஊர்ல எல்லாரும் பெட்டி ஏன் வரலைன்னு உங்க ஆபீஸ்ல சண்டை போடுவாங்க இல்ல? நான் ஏன் வந்துச்சுன்னு கேட்கிறேன். இப்படி ஒருத்தியை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க.

முடியாதா? கையெழுத்து வாங்காம போனா ஆபீஸ்ல விட மாட்டாங்களா?

சரி, டீ போட்டாச்சு, குடிங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் சொல்றதைக் கேளுங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க, இதை இறக்கலாமா வேண்டாமான்னு.

பயப்படாதீங்க, உள்ளே போலீஸ் பிடிக்கிற சாமான் எதுவும் இல்லை. மூணு தொழுகை விரிப்பு, ஒரு வெந்நீர் பிளாஸ்க், அஞ்சு வேளையும் பாங்கு சொல்ற சுவர்க் கடிகாரம் ஒண்ணு. எல்லாத்துக்கும் அடியில எட்டு கபன் துணி. உங்க பேரு என்ன தம்பி? சோலைமலையா? அப்ப உங்களுக்கு விவரமாத்தான் சொல்லணும். எங்கள்ல ஒருத்தர் மவுத்தாயிட்டா, குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தித்தான் அடக்கம் பண்ணுவாங்க. அதுதான் கபன். மக்காவுக்குப் போறவங்க அங்கே அந்தத் துணியை வாங்கி, அங்கே ஊறுற ஜம்ஜம்ங்கிற புனிதத் தண்ணியில நனைச்சு, காய வச்சுக் கொண்டு வருவாங்க. பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருந்து, நேரம் வரும்போது எடுப்பாங்க. எங்க குரூப்புல வந்த ஹஜ்ரத்து அப்பவே சொன்னாரு, 'இது கட்டாயம் இல்லம்மா, ஊர்த் துணியே போதும்'னு. அவர் படிச்சவர், அவருக்குப் போதும். எங்க தெருவுக்குப் போதாதே.

என் மகன் ஆசிக்தான் என்னை உம்ராவுக்கு அனுப்பி வச்சான், ஹஜ் இல்லை, அது இல்லாத நாள்ல மக்கா போயிட்டு வர்றது. காய் லாரி ஓட்டுறான். தினம் மத்தியானம் கம்பத்துல ஏத்தி, குமுளி மலை ஏறி, கேரளாவுல இறக்கிட்டு வருவான். நான் போறேன்னு தெரிஞ்சதும் தெருவுல ஆளாளுக்கு வந்து சொன்னாங்க. 'சம்சாத், எனக்கு ஒரு கபன்.' யாரும் பொம்மை கேட்கலை, செண்ட் கேட்கலை. மைமூன் மதினி கேட்டாங்க. உள்ளே படுத்திருக்காங்களே, அவங்கதான். என் வீட்டுக்காரரோட அக்கா. அவர் போய் ஏழு வருஷமாச்சு, நானும் மதினியும் ஆசிக்கும்தான் இந்த வீட்டுல. அப்புறம் மூலை வீட்டுப் பாவா ராவுத்தர், என் கொழுந்தனார், அவர் பெண்டாட்டி, பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார், தையல்கார ஜுலைகா, பிள்ளைங்களுக்கு ஓதிக்கொடுக்கிற ஜன்னத் அம்மா. ஏழு பேர். நான் ஒரு சீட்டுல எழுதி, பாஸ்போர்ட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன். ஞாபகத்துல நான் கெட்டிக்காரி. எதையும் விட மாட்டேன்.

மக்காவுல கடைக்காரர் மலப்புரத்துக்காரர். தமிழ் நல்லா பேசுறாரு. ஏழு துணி எண்ணி வச்சேன். அவர் எட்டாவதா ஒண்ணை எடுத்து மேல வச்சு, 'ஏழு எடுத்தா ஒண்ணு ப்ரீ உம்மா'ன்னாரு.

நான் என்ன பண்ணியிருக்கணும்? வேண்டாம்னு சொல்லியிருக்கணும். நீங்க சொல்லியிருப்பீங்களா? சும்மா தர்றதை வேண்டாம்னு சொல்ல எனக்கு நாக்கு வராது தம்பி. எங்க அத்தா வளர்த்த வளர்ப்பு அப்படி. 'இதுலயே ஓரம் கசங்காததா இருக்கா'ன்னு கேட்டு, அந்த எட்டாவதை மாத்தி வேற வாங்கிக்கிட்டேன். அப்படி ஒரு புத்தி.

லாட்ஜுல வந்து எட்டையும் ஜம்ஜம்ல நனைச்சேன். ரூம்ல குறுக்கால கயிறு கட்டி வரிசையாப் போட்டேன். மனசு நிறைஞ்சு போய் கட்டில்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். என்கூட தங்கியிருந்த போடிக்காரப் பொண்ணு, பானுன்னு பேரு, உள்ளே வந்தா. எண்ணிப் பார்த்தா. 'ஏழு பேருன்னுதானே அக்கா சொன்னீங்க? எட்டாவது யாருக்கு?'ன்னு கேட்டா.

அவ்வளவுதான். அவ விளையாட்டாக் கேட்டா. நான் எழுந்து மறுபடி எண்ணினேன்.

யாருக்கு? ஏழுக்கும் பேர் இருக்கு. எட்டாவதுக்குப் பேர் இல்லை. வாங்கியாச்சு, நனைச்சாச்சு, காஞ்சுக்கிட்டு இருக்கு. அதுவும் வெட்டாத முழுத் துணி தம்பி. ஆம்பளைன்னா மூணு துண்டு, பொம்பளைன்னா அஞ்சு துண்டு. தேவை வரும்போதுதான் வெட்டுவாங்க. அதனால அது யாருக்கு வேணும்னாலும் ஆகும். எனக்கு உடனே கண்ணுக்குள்ள வந்தது என்ன தெரியுமா? குமுளி மலைப்பாதை. லோயர் கேம்ப் தாண்டினா வருதே, அந்த வளைவு. அதுல ஆசிக் லாரி.

நான் பயந்த ஆள் இல்லை. அதைச் சொல்லிடறேன். பாம்பு வந்தா நான்தான் தெருவுல முதல்ல கம்பு எடுப்பேன். ஆனா அன்னைக்கு அந்தத் துணிக்குப் பக்கத்துல படுக்க முடியலை. பாத்ரூம் பக்கமா பாயைப் போட்டுக்கிட்டேன்.

அதை அங்கேயே விட்டுட்டு வரலாம்னு பார்த்தேன். பானுக்கிட்ட, 'நீ வச்சுக்கோ'ன்னு நீட்டினேன். பாம்பை நீட்டின மாதிரி பின்னால குதிச்சா. 'எனக்கு முப்பத்தெட்டு வயசுதான் அக்கா ஆகுது!' பள்ளிவாசல்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு கிழவிக்கிட்ட கொடுத்தேன். எந்த நாடோ, என்ன பாஷையோ. அவங்க சிரிச்சுக்கிட்டே அவங்க பையைத் திறந்து அவங்களோடதைக் காட்டினாங்க. என் கன்னத்துல தட்டிக் கொடுத்தாங்க. மதீனாவுக்குக் கிளம்புற அன்னைக்கு அலமாரியில வச்சுப் பூட்டிட்டு, பஸ்ல ஏறி உட்கார்ந்துட்டேன். ரூம் கூட்டுற ஆள் மூச்சு வாங்க ஓடி வந்து, ஜன்னல் வழியா என் மடியில போட்டுட்டுப் போறான். பஸ்ல எல்லாரும், 'பாருங்க, எவ்வளவு நாணயம்'னு சொல்றாங்க. எனக்கு முகத்துல ரத்தமே இல்லை.

மதீனாவுல எடை போட்டாங்க. என் சூட்கேஸ் முப்பத்தொரு கிலோ. இருபத்துமூணுதான் விடுவாங்க. எட்டு கிலோ எடுத்தாகணும். உங்களை மாதிரி ஒரு கார்கோக்காரர் லாட்ஜுக்கே வந்தாரு, அட்டைப்பெட்டி, மஞ்சள் கயிறு, தொங்கு தராசோட. 'கடல் வழியா அம்பது நாள்ல வீட்டு வாசல்ல வந்து நிக்கும்'னாரு. நான் எட்டுத் துணியையும் எடுத்து முதல்ல அடியில போட்டேன். மேல விரிப்பு, பிளாஸ்க், கடிகாரம்.

என்ன சிரிக்கிறீங்க? ஆமா, சூட்கேஸ்ல ரெண்டு கம்பளிப் போர்வை இருந்துச்சு. ஒன்பது கிலோ. அதை எடுத்திருந்தாலே எடை சரியாப் போயிருக்கும்தான். ஆனா போர்வை அமுங்காது தம்பி, பெட்டியில இடத்தை அடைக்கும். அதனாலதான். எடைதான் காரணம், வேற ஒண்ணும் இல்லை.

ஊருக்கு வந்தேன். ஏழு பேரும் வந்து கட்டிப் பிடிச்சாங்க. பேரீச்சம்பழம் கொடுத்தேன், ஜம்ஜம் கொடுத்தேன். கபன் எங்கேன்னாங்க. கப்பல்ல வருதுன்னேன். 'அது ஒண்ணும் அவசரம் இல்லையே'ன்னு நான்தான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

இருபதாவது நாள் பாவா ராவுத்தர் போயிட்டாரு. சாயங்காலம் டீக்கடையில பேசிக்கிட்டு இருந்தவர் அப்படியே சாஞ்சுட்டாரு. கடைவீதியில துணி வாங்கி வந்துதான் அடக்கம் பண்ணினாங்க. நான் துக்கத்துக்குப் போனேன். அவர் மகள் மரியம் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திட்டா. அத்தனை பொம்பளைங்க நடுவுல, 'வாங்க ஹாஜியம்மா. போர்வைக்கெல்லாம் பிளேன்ல இடம் இருந்துச்சு, எங்க அத்தா துணிக்கு மட்டும் இடம் இல்லாமப் போச்சோ'ன்னா. ஹஜ்ஜுக்குப் போகாத என்னை ஹாஜியம்மாங்கிறா. நான் பின்வாசல் வழியா வந்துட்டேன்.

அன்னைக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்ப ஆள் இல்லாத துணி ஒண்ணு இல்லை, ரெண்டு.

அதுல இருந்து ஆசிக்கைப் படாதபாடு படுத்துறேன். மலைக்குப் போகாதேடான்னா, 'நான் மலைக்குப் போகலைன்னா உங்க மாட்டுக்கு யாரு தீவனம் வாங்குறது'ங்கிறான். மாடே கிடையாது எங்ககிட்ட. வாய்க் கொழுப்பு. ஓதி ஊதின தண்ணி பாட்டிலைக் கையில கொடுத்தேன். 'ரேடியேட்டர்ல ஊத்திட்டேம்மா, இனி என்ஜின் சூடே ஆகாது'ங்கிறான். சாயங்காலம் முக்குல அவன் ஹாரன் கேட்கிற வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி இறக்க மாட்டேன்.

அதோட விட்டுச்சா? போன மாசம் மதினி படுத்துட்டாங்க. மூச்சு வாங்குது. காலெல்லாம் வீக்கம். தேனி ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் வச்சிருந்துட்டு, 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிரியப்பட்டதைக் கொடுங்க'ன்னாங்க. டாக்டர் அதைச் சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து கட்டில்ல படுக்க வச்சதும் அவங்க கேட்ட முதல் வார்த்தை, 'என் துணி வந்துருச்சா?'

தினமும் கேட்கிறாங்க. காலையில கண்ணைத் திறந்ததும் கேட்கிறாங்க. கஞ்சி கொடுக்கும்போது கேட்கிறாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு தம்பி. அவங்க அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. கையில கொடுத்தா அந்த நிமிஷமே உசிரை விட்டுருவாங்க. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு உலை வைக்கத் தெரியாது. மாமியாருக்குத் தெரியாம எல்லாத்தையும் இவங்கதான் செஞ்சுட்டு, 'சம்சாத் ஆக்கினது'ன்னு சொல்லுவாங்க. அவங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கும் இப்ப மனசு விட்டுப் பேச அவங்களை விட்டா யாரு?

அதனால பொய் சொன்னேன். முதல்ல, கப்பல் கிளம்பலைன்னேன். அப்புறம், புயல்னேன். அப்புறம், நடுக்கடல்ல என்ஜின் ரிப்பேராகி நிக்குதுன்னேன். டிவியில காட்டினாங்களான்னு கேட்டாங்க. காட்டினாங்கன்னேன். அந்தத் துணி கடல்ல கிடக்கிற வரைக்கும் இந்த வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது. மதினிக்கும் ஆகாது, ஆசிக்குக்கும் ஆகாது. அது தரைக்கு வரக்கூடாது. இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. இப்ப சொல்லுங்க, இறக்கச் சொல்றீங்களா?

என்ன கேட்டீங்க?

இதுல எனக்கு எடுத்தது எதுன்னா?

எனக்கு... இருங்க. மதினி ஒண்ணு. பாவா ராவுத்தர் ரெண்டு. கொழுந்தனார், அவர் பெண்டாட்டி, நாலு. மோதினார் அஞ்சு. ஜுலைகா ஆறு. ஜன்னத் அம்மா ஏழு.

இருங்க, இருங்க. மறுபடி எண்ணுறேன்.

எனக்கு நான் வாங்கவே இல்லையே தம்பி! எனக்கு அம்பத்தெட்டு வயசாகுது. சுகர் இருக்கு. மக்கா வரைக்கும் போய், அந்தக் கடை வாசல்ல நின்னு, ஊருக்கெல்லாம் வாங்கியிருக்கேன். எனக்கு வேணும்னு தோணவே இல்லை. ஒருத்தரும் கேட்கவும் இல்லை, 'உனக்கு எடுத்தியா சம்சாத்'னு. நீங்கதான் கேட்கிறீங்க. எங்கேயோ இருந்து வந்து, டீயைக் கையில வச்சுக்கிட்டு.

அப்ப அது ஆசிக்குக்கு இல்லை. தம்பி, அது என் பிள்ளைக்கு இல்லை! என்னோடது அது. எனக்குத்தான் அது. அல்லாஹ்... இந்தப் படியில கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன். இல்லை, அழலை. தனக்குக் கபன் இருக்குன்னு தெரிஞ்சு சந்தோஷப்படுற பொம்பளையை நீங்க எங்கே பார்க்கப் போறீங்க, பார்த்துக்குங்க.

ஆனா... பாவா ராவுத்தரோடது? அது இன்னும் ஆள் இல்லாமத்தானே கிடக்கு? அது யாருக்கு? பாருங்க, இப்பத்தான் போச்சுன்னு நினைச்சேன், மறுபடி வந்து உட்காருது.

"ஏ சம்சாத்! யாரு அது வாசல்ல?"

மதினிதான். பேசாதீங்க.

"கரண்டு ரீடிங் எடுக்க வந்திருக்காங்க மதினி!"

"ரீடிங் எடுக்க வந்தவருகிட்ட எதுக்குடி எட்டுத் துணிக் கணக்கு?"

கேட்டிருக்காங்க. எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. நான் மெதுவாத்தானே பேசினேன்? இல்லையா?

"அவரையும் உள்ளே வரச் சொல்லு. பெட்டியையும் கொண்டு வரச் சொல்லு."

தம்பி, எங்கே போறீங்க? அவங்க சொன்னா உடனே தூக்கிருவீங்களா? நான் சொல்லும்போது டீ குடிச்சீங்க! சரி... சரி. பார்த்து. தலையில நிலை இடிக்கும், குனிஞ்சு வாங்க. இங்கே, கட்டிலுக்குப் பக்கத்துலயே வைங்க. அவங்க சொல்றாங்கல்ல, அங்கேயே வைங்க.

"கப்பல் ரிப்பேர் ஆயிருச்சுன்ன. வாசல்ல வந்தா நிக்குது அந்தக் கப்பல்?"

"மதினி, நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"துணி கையில வந்தா நான் போயிருவேன்னா நினைச்ச? கிறுக்கி. பாவா மகள் உன்னைச் சொன்னது என் காதுல விழலைன்னா நினைச்ச? தெரு பூரா பேசுச்சு. நானும் அந்த மாதிரி, அது வர்றதுக்குள்ள போயிருவேனோன்னு ஒரு மாசமா கண்ணை மூடப் பயமா இருக்குடி. மூடினா திறக்குமோ திறக்காதோன்னு முழிச்சே கிடக்கேன். நீ வந்து புயலுங்கிற, நடுக்கடலுங்கிற. கண்ணை அசந்தா அந்தக் கப்பல்தான் ஆடிக்கிட்டு நிக்குது. ராத்திரி எங்கே தூங்குறது?"

தம்பி, கேட்டீங்களா? நான் அவங்களைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன்.

"பாவாவோடதைப் பள்ளிவாசல் ஜமாஅத்துல கொடுத்துரு. கேட்க ஆள் இல்லாத மய்யித்து எப்பவாவது அடக்கத்துக்கு வரும், அதுக்கு ஆகும். இதுக்குப் போய் அந்த லாரிக்காரப் பயலை ஏண்டி இந்தப் பாடு படுத்தின? கயிற்றை அறுங்க தம்பி. அவ அறுக்க மாட்டா."

அறுங்க. நான் பிடிச்சுக்கிறேன். அடியில இருக்கு, இன்னும் அடியில. விரிப்பைத் தூக்குங்க. அதுதான்... எட்டும் இருக்கு. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு மதினி, எது யாரோடதுன்னு நான் எழுதி வைக்கலை. எதைத் தர?

"மேல இருக்கிறதைக் கொடு. எல்லாம் வெள்ளைதானே."

இந்தாங்க மதினி.

பாருங்க தம்பி, மோந்து பார்க்கிறாங்க. மடிச்சுக் கன்னத்துக்கு அடியில வச்சுக்கிறாங்க. நல்லா இருக்கா மதினி? கஞ்சி கொண்டு வரவா? ஏன் கண்ணை மூடுறீங்க? மதினி? மதினி! என்னைப் பாருங்க. தம்பி, போயிராதீங்க, எங்கே கையெழுத்து வேணுமோ அங்கெல்லாம் போடுறேன், கொஞ்சம் கிட்ட வாங்க. அந்த மூக்குக்குக் கீழ கையை வச்சுப் பாருங்க. எனக்கு முடியலை. மூச்சு வருதா? நான் வச்சுப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. சொல்லுங்க தம்பி, வருதா?

சத்தமா? என்ன சத்தம்?

குறட்டை.

குறட்டைதான் தம்பி. உங்களுக்கும் கேட்குதுல்ல? வாயைத் திறந்துக்கிட்டு, என் மாமியார் விட்ட மாதிரியே குறட்டை. ஒரு மாசமா இந்தச் சத்தத்தை நான் கேட்கலை. அவங்க தூங்கவே இல்லைன்னு எனக்குத் தோணவும் இல்லை பாருங்க.

கொடுங்க, எங்கே போடணும்? கோணலாத்தான் வரும், பரவாயில்லையா? பேனாவைப் பிடிங்க. இல்லை, அதுக்குள்ள கிளம்பாதீங்க. இன்னும் ஒரு மூச்சு. அடுத்ததையும் கேட்டுட்டுப் போங்க.